புளியாரை செய்த குற்றம் என்ன?

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுக் கூட்டம் நடந்தது. லிஃப்ட் பழுது, தண்ணீர் டாங்கர் செலவு, கார் நிறுத்தும் இடத் தகராறு என்று வழக்கமான விஷயங்களெல்லாம் முடிந்து, எல்லோரும் சமோசாவையும் தேநீரையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த நேரத்தில் செயலாளர் கடைசித் தீர்மானத்தைப் படித்தார். பூங்காவின் புல்தரையில் பரவியிருக்கும் களையை ஒழிக்க, ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கொண்டு வருடத்துக்கு மூன்று முறை மருந்து அடிப்பது என்பது தீர்மானம். கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் தூக்கிவிட்டார்கள்.

நான் தூக்கவில்லை. "ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். அது என்ன களை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று கேட்டுக்கொண்டேன். "களை என்றால் களைதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார் எதிரே இருந்த நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் வயதுக்கு மரியாதை கொடுத்து ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். நண்பரின் கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் கோவையாகப் பேச எனக்கு வராது. ஆகவே எழுதுகிறேன். தில்லியிலும் நொய்டாவிலும் குர்காவ்ன் பக்கத்திலும் இப்படிப் பூங்கா உள்ள குடியிருப்புகளில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பலர் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார்கள். இதே தீர்மானம் உங்களிடமும் வரும்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனேன். எங்கள் கட்டடத்தில் மகன் வீட்டோடு வந்து தங்கியிருக்கும் திருநெல்வேலி ஆச்சி ஒருவர், எண்பது வயது, புல்தரை ஓரத்தில் குனிந்து எதையோ கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்ன தம்பி, இங்க மருந்து அடிக்கப் போறாவளாம்லா?" என்றார். ஆமாம் என்றேன். "இது புளியாரைல்லா! எங்க ஊர்ல வரப்புல போய்ப் பறிச்சிட்டு வருவோம். இங்க காலடியில கெடக்கு. இதுக்கா மருந்து?" என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்த கீரையைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீரையைப் பார்த்து அல்ல. தீர்மானம் அன்றே நிறைவேறி, ஒப்பந்தக்காரர் மறுநாளே வந்து அடித்துவிட்டுப் போயிருந்தால், இந்த ஆச்சிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருக்கும். ஆச்சியிடம் அந்தக் கைப்பேசியும் இல்லை, அந்த ஆங்கிலமும் இல்லை. அன்று மத்தியானம் அந்த வீட்டில் துவையல் அரைபட்டிருக்கும்.

முதலில் அடையாளம்

நாம் ஒழிக்கத் தீர்மானித்த களையின் பெயர் புளியாரை. தாவரவியலார் ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா என்பார்கள். எங்கள் மாலி அதைத் 'தின்பத்தியா' என்கிறார், மூன்று இலைக்காரி என்று பொருள். தில்லிக் குழந்தைகளுக்கு அது 'கட்டீ மீட்டீ காஸ்', இனிப்பும் புளிப்புமான புல். வங்காளிகள் 'ஆம்ருல்' என்று சொல்லிக் கீரையாகச் சமைப்பார்கள். தெலுங்கர்களுக்கு அது 'புளிசிந்த'. ஆயுர்வேதத்தில் அதன் பெயர் 'சாங்கேரி'. இத்தனை பேருக்குப் பெயர் தெரிந்த ஒரு செடியை எங்கள் தீர்மானம் வெறும் 'களை' என்று எழுதியிருந்தது.

அடையாளம் காண்பது சுலபம். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள், ஒவ்வொன்றும் இதய வடிவில் நுனியில் பிளந்திருக்கும். வெயில் உச்சிக்கு வரும்போதும் இருட்டிய பிறகும் இலைகள் குடை மடக்கியதுபோல் கீழ்நோக்கி மடிந்துகொள்ளும். பூ மஞ்சள் நிறம், ஐந்து இதழ், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. காய்தான் இதன் முத்திரை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், ஐந்து பட்டையோடு, குட்டி வெண்டைக்காயைப்போல் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். நட்சத்திரப் பழமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த ஐந்து பட்டையைப் பார்த்தால் உறவு விளங்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை நாலைந்து உண்டு. ஆரைக்கீரைக்கு நான்கு இலை, பூவே கிடையாது, ஈரம் தேங்கும் இடத்தில்தான் வரும். குளோவர் என்று சொல்லும் தீவனச் செடிக்கும் மூன்று இலைதான். ஆனால் இதய வடிவம் இருக்காது, இலையின் நடுவே வெளிறிய பிறை ஒன்று தெரியும், பூ வெள்ளை உருண்டையாக இருக்கும். தில்லியின் குளிர்காலத்தில் புல்தரையில் வரும் இன்னொரு மூவிலைச் செடிக்கும் மஞ்சள் பூ உண்டு. அது அவரைப் பூவின் சாயலில் இருக்கும், காய் சுருள் சுருளாக முள்ளோடு இருக்கும். கடைசியாக, பெரிய இதய இலையும் இளஞ்சிவப்புப் பூவும் கொண்ட ஒன்று. அதுவும் புளியாரைக்கு ஒன்றுவிட்ட தங்கைதான், ஆனால் குணம் வேறு. மண்ணுக்கடியில் சின்ன வெங்காயம்போலக் கிழங்கு விட்டிருக்கும். இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும், கிழங்குகள் சிதறி மண்ணில் தங்கிவிடும். அதை மண்ணோடு சேர்த்துத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்த வேறுபாடுகள் வெறும் தகவல் அல்ல. எது என்று தெரிந்தால்தான் எப்படி எடுப்பது என்று தெரியும்.

ஏன் வந்தது?

புளியாரை தானாகவே எங்கள் பூங்காவை ஆக்கிரமித்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு மாதம் காலையிலும் மாலையிலும் பார்த்ததில் எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. நாம்தான் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறோம்.

எங்கள் புல்தரையில் இருப்பது தூப், அதாவது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகு. அறுகுக்கு முக்கியமாக வேண்டியது வெயில். எங்கள் பூங்காவில் வேப்பமரங்கள் வளர்ந்து பாதித் தரைக்கு நிழல் விழுகிறது. அங்கே அறுகு மெலிந்துபோய்விட்டது. மெலிந்த இடத்தில் புளியாரை வந்து உட்கார்ந்தது. நிழலும் அதற்குச் சம்மதம், வெயிலும் சம்மதம்.

இரண்டாவது, புல் வெட்டும் விதம். சாட்டின் துணிபோல் வழவழவென்று இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்ல, மாலி எந்திரத்தின் கத்தியை அடிமட்டத்துக்கு இறக்கி மொட்டையடித்துவிடுகிறார். அறுகின் தழையெல்லாம் போய்விடுகிறது. தரையோடு தரையாகத் தவழும் புளியாரை கத்திக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. அதன் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மொட்டையடித்த தரையில் அந்த வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை.

மூன்றாவது, தண்ணீர். தினமும் சாயங்காலம் ரப்பர் குழாயால் மேலாகத் தெளிக்கிறோம். மேல் அரை அங்குல மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது. அறுகின் வேர் ஆழத்தில் காய்ந்துகிடக்கிறது. மேலாக முளைக்கும் விதைக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் வேண்டுமா?

நான்காவது, நாம் வாங்கி வரும் பூந்தொட்டிகள். நர்சரித் தொட்டிகளில் செடிக்கடியில் உற்றுப் பாருங்கள். பத்தில் சில தொட்டிகளிலாவது இந்த மூவிலை எட்டிப் பார்க்கும். தொட்டியைப் பூங்கா ஓரத்தில் வைக்கிறோம். காய் முற்றியதும் ஒரு சின்னத் தொடுகை போதும், படாரென்று வெடித்து விதைகளை ஐந்தாறு அடி தூரம்கூட எறிந்துவிடும். விதை சொரசொரப்பானது. செருப்பில், உடையில், புல்வெட்டும் எந்திரத்தில் ஒட்டிக்கொண்டு மற்ற இடங்களுக்கும் போகும்.

டிசம்பர், ஜனவரிக் குளிரில் அறுகு பழுத்துத் தூங்கிவிடுகிறது. புளியாரை தூங்குவதில்லை. அதனால்தான் குடியரசு தினத்துக்குக் கொடியேற்றப் பூங்காவில் கூடும்போது அது நம் கண்ணை உறுத்துகிறது. மார்ச்சில் அறுகு எழுந்திருக்கும்போது பாதி இடம் பறிபோயிருக்கிறது.

ஆக, மெலிந்த புல்லைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் புளியாரை. காய்ச்சல்காரனின் உடம்பு சுடுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதுபோலத்தான் எங்கள் தீர்மானம் இருக்கிறது.

மருந்து என்ன செய்யும்?

அடிக்கப்போகும் மருந்து என்னவென்று ஒப்பந்தக்காரரிடம் செயலாளர் மூலம் கேட்டேன். 2,4-டி என்று பதில் வந்தது. 1940-களிலேயே வந்த பழைய களைக்கொல்லி. கோதுமை வயல்களில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிப்பார்கள். செடிக்குள் இயற்கையாகச் சுரக்கும் வளர்ச்சி ஊக்கியைப்போல் வேடம் போட்டு உள்ளே நுழைந்து, தாறுமாறாக வளரவிட்டுக் கொல்லும். புல் இனம் அதைத் தாங்கிக்கொள்ளும், அகன்ற இலைச் செடி தாங்காது. வியட்நாமில் தெளித்த விஷத்தில் இதுவும் கலந்திருந்தது என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். அது உண்மைதான். ஆனால் அங்கே பெருங்கேடு விளைவித்த டையாக்ஸின் நஞ்சு, கூடச் சேர்த்த 2,4,5-டி என்ற மற்றொரு மருந்தோடு வந்தது. நியாயமாகப் பேச வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மருந்தைப் பேயாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

பேயாக்காமலே சொல்ல நான்கு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, இந்த வேலைக்கு அது சரியான ஆள் அல்ல. தவழும் புளியாரையை 2,4-டி தனியாக நின்று ஒழிப்பதில்லை. மேல் இலை சுருண்டு கருகும், கணுவில் விட்ட வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதையை அது தொடுவதில்லை. வருடத்துக்கு மூன்று முறை என்று ஒப்பந்தக்காரரே கேட்பதன் ரகசியம் இதுதான். இதைவிடப் புளியாரைக்கு நன்றாகக் கேட்கும் மருந்துகள் வெளிநாடுகளில் உண்டு. அவற்றில் சில அறுகையும் சேர்த்து வாட்டிவிடும். எல்லாவற்றையும் கொல்லும் கிளைஃபோசேட்டை அடித்தால் புல்தரையே போய்விடும். அதையும் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்களைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

இரண்டு, அகன்ற இலை எது என்பதில் அதற்குப் பாகுபாடு கிடையாது. தரைத்தள வீடுகளின் துளசியும் அகன்ற இலைதான். தக்காளிச் செடி இந்த மருந்தின் வாடையைக்கூடத் தாங்காது. பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு வருடம் முன்பு காற்றடிக்கும் நேரத்தில் மருந்து அடித்தார்கள். ஒரு வாரத்தில் சுவரோரத்துத் துளசிமாடங்களில் தழையெல்லாம் முறுக்கிக்கொண்டு தொங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் புளியாரை திரும்ப வந்துவிட்டது. துளசிகள் வரவில்லை.

மூன்று, மனித உடம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல் 2,4-டி-யை 'மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. சான்று முழுமையாக இல்லை, சந்தேகம் தீரவும் இல்லை என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். அடித்த மறுநாளே ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கோதுமை வயலில் யாரும் மூன்று வயதுக் குழந்தையைத் தவழவிடுவதில்லை. எங்கள் பூங்காவில் தவழவிடுகிறோம். குழந்தைகள் அந்தப் புளிப்பு இலையைப் பறித்து வாயில் போடுகிறார்கள். ஆச்சி கீரை பறிக்கிறார். டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டில் இது இன்ன பயிருக்கு, இன்ன களைக்கு, இன்ன அளவு என்று அச்சடித்திருக்கும். விஷத்தின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் காட்டும் வண்ண அடையாளமும் இருக்கும். எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவர்கூட அந்தச் சீட்டைப் படித்திருக்கவில்லை. தீர்மானத்துக்கு முதலில் நானும் படித்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு, அடிப்பவர் யார்? ஒப்பந்தக்காரர் ஸ்கூட்டரில் வந்து ரசீது கொடுப்பார். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கப்போகிறவர் எங்கள் மாலிதான். கையுறை கிடையாது, ரப்பர் செருப்பு, முகத்தில் சுற்றிய ஒரு துண்டு. அதே கையோடு பீடி பற்றவைப்பார். பம்ப் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மருந்து நனைத்த சட்டையை அந்த அம்மாள் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத்தான் துவைப்பாள். கூட்டத்தில் கை தூக்கியவர்களில் யாரும் இரக்கமற்றவர்கள் அல்ல. யாருக்கும் இது தோன்றவில்லை, அவ்வளவுதான். மாலிக்குப் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை.

பத்தடிக்குப் பத்தடி

வாய்ப்பேச்சு போதாது என்பதால் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு வருடம் முன்பே, நானும் மாலியும் சேர்ந்து, நல்ல வெயில் படும் பக்கத்தில் பத்தடிக்குப் பத்தடி இடம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். பணி ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமே! அப்போது அதில் பாதிக்குமேல் புளியாரை.

தண்ணீர் விட்டு மண் இளகிய மறுநாள் காலை, குர்ப்பியால் நடு வேரைப் பிடித்து நெம்பி, தவழும் தண்டுகளைக் கணுக் கணுவாகத் தூக்கி எடுத்தோம். முதல் தடவை இரண்டு காலை வேளைகள் பிடித்தன. அதன் பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு முறை, அரைமணி நேரம். ஒரே ஒரு விதியை மட்டும் தவறாமல் வைத்துக்கொண்டோம். மஞ்சள் பூ கண்ணில் பட்டால் அன்றே எடுப்பது, காய் முற்றவிடுவதில்லை. முற்றிய காய் இருந்தால் முதலில் அதைக் கையால் மூடிக்கொண்டு கிள்ளிப் பைக்குள் போட்டுவிட்டுப் பிறகுதான் செடியைத் தொடுவது. அந்தப் பையை உரக்குழியில் கொட்டக் கூடாது. கொட்டினால் அடுத்த வருடம் உரத்தோடு திரும்பி வரும்.

புல்லை மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு விட்டு வெட்டச் சொன்னேன். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்கக் கூடாது. தினமும் தெளிப்பதை நிறுத்திவிட்டு, கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, மண் அரைச் சாண் ஆழம் நனையும்படி விட்டோம். மார்ச்சில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் நன்றாக மக்கிய எருவைச் சலித்துத் தூவினோம். வெறுமையாக இருந்த திட்டுகளில் வேறிடத்திலிருந்து அறுகுத் தண்டைக் கிள்ளி நட்டோம். மழையில் அது பிடித்துக்கொண்டது.

ஒரு வருடத்தில் புளியாரை ஒழிந்ததா? ஒழியவில்லை. மண்ணில் விதை இருக்கும்வரை முளைக்கும். ஆனால் இன்று அந்தப் பத்தடியில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறுகு மெத்தைபோல் இருக்கிறது. பக்கத்தில் மொட்டையடித்த தரை பழையபடியே இருக்கிறது. நடுவில் கோடு போட்டதுபோல் வித்தியாசம் தெரியும். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

வேப்பமரத்து நிழலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே அறுகு வராது. அங்கே புளியாரையை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். மண்ணை மூடிப் பச்சையாக வைத்திருக்கிறது. கட்டை விரல் நகம் அளவுக்குச் சாம்பல் நீலத்தில் தரையோடு தரையாகப் பறக்கும் ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சியைத் தில்லிப் பூங்காக்களில் பார்த்திருப்பீர்கள். அதன் புழு இந்தப் புளியாரை இலையைத்தான் தின்று வளர்கிறது. மரத்தடியில் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

சொல்லக்கூடிய மறுப்புகள்

"கையால் பிடுங்க ஆள் கூலி யார் கொடுப்பது?" நியாயமான கேள்வி. மூன்று முறை மருந்து அடிக்கும் ஒப்பந்தத் தொகை என்ன என்பது தீர்மானத்திலேயே இருக்கிறது. அதே தொகையை மாலிக்குத் துணையாக ஒரு பெண்ணைப் பகுதிநேரம் அமர்த்தச் செலவிடலாம் என்பது என் யோசனை. பணம் ஒப்பந்தக்காரருக்குப் போவதற்குப் பதில் கூலியாக இங்கேயே தங்கும். முதல் வருடம் வேலை அதிகம். பிறகு குறைந்துகொண்டே வரும். மருந்துச் செலவு அப்படிக் குறையாது.

"அவ்வளவு தின்னத் தகுந்த கீரை என்றால் அப்படியே விட்டுவிடலாமே?" இதுவும் சரியல்ல. புளிப்புக்குக் காரணம் அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம். சிறுநீரகத்தில் கல் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் ருசிக்கு எப்போதாவது என்று வைத்துக்கொள்ள வேண்டுமே தவிர, கட்டுக்கட்டாகத் தின்னக் கூடாது. நாய் உலாவும் பூங்காவில் பறிப்பதும் சுகாதாரமில்லை. ஆச்சிக்கு ஒரு தொட்டியில் தனியாக வளர்த்துக் கொடுத்துவிட்டேன். அதற்கு விதைகூடப் போட வேண்டியிருக்கவில்லை. மக்காச்சோளத்துக்கு வரும் ஒரு துரு நோய்க்கும் புளியாரை இனம் இடைத்தங்கலாக இருக்கிறது என்பதால், வயல் பக்கம் உள்ளவர்கள் அதைக் கொண்டாட வேண்டியதும் இல்லை. ஆக, புளியாரைக்கு நான் வக்கீல் அல்ல. தண்டனை குற்றத்துக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

"மற்றவர்களெல்லாம் அடிக்கிறார்களே?" இதற்குப் பதில் இல்லை. பெரும்பான்மை அப்படியும் முடிவு செய்யலாம். அப்போது குறைந்தபட்சம் இவற்றையாவது தீர்மானத்தில் எழுதுங்கள்: மருந்தின் பெயரையும் சீட்டின் நகலையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, இரண்டு நாள் முன்னதாக வீடு வீடாகச் சென்று வாய்ச்சொல்லாகவும் சொல்வது, அடிப்பவருக்குக் கையுறை, முகமூடி, பூட்ஸ், முழுக்கைச் சட்டை கொடுப்பது, காற்று இல்லாத காலையில் மட்டும் அடிப்பது, மருந்து முழுவதும் காயும்வரை பூங்காவைப் பூட்டிவைப்பது, அந்தத் தரையில் யாரும் கீரை பறிக்கக் கூடாது என்று இந்தியிலும் எழுதிவைப்பது. இத்தனையும் செய்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். குர்ப்பி மலிவாகத் தெரியும்.

நாற்பது வருடம் முன்பு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது எங்களுக்கும் வீட்டு முன்னால் கையகலப் புல்தரை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே ஆளுக்கு நாலு களை பிடுங்குவோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பமும் வந்து உட்காரும். களை பிடுங்கியது பாதி, ஊர்க்கதை பாதி. யாரும் அதை வேலை என்று நினைத்ததில்லை. இன்று நாலு ஏக்கர் குடியிருப்பில் நானூறு குடும்பம் இருக்கிறோம். குனிய ஒருவர் இல்லை என்று ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுகிறோம்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானும் மாலியும் அந்தப் பத்தடிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தடியைத் தொடங்குகிறோம். முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கடுத்த ஞாயிறு பொதுக்குழு. கை தூக்குவதற்கு முன் ஒரு முறை வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று எல்லாக் கதவையும் தட்டிச் சொல்லிவிட்டேன். குர்ப்பி ஆறு வாங்கி வைத்திருக்கிறேன்.